அடுக்களையில் அடிகளை எண்ணிய அம்மையார்

நம் தணிகை மலைக்கு ஏறும் படிகள் 365. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். டிசம்பர் 31ஆம் நாள் இரவில் முருக பக்தர்கள் படிதோறும் நின்று திருப்புகழ் பாடி மேலேறும் திருப்படித் திருவிழாவைக் காணாமல் வளர்ந்த பிள்ளைகள், எந்தச் சமயத்தவராயினும், இவ்வூரில் இருக்க முடியாது. ஆனால் திருவிழாவும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், நாள்தோறும் வீட்டுக்குள்ளேயே ஒரு மலையை ஏறி இறங்குகிற ஒருவர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார். அவர் நம் அம்மா. அடுப்புக்கும் அரிசிப் பானைக்கும் நடுவே, தண்ணீர்க் குடத்துக்கும் அம்மிக்கும் நடுவே அவர் எத்தனை அடி நடக்கிறார் என்று நம்மில் எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணிப் பார்த்த ஓர் அம்மையார் இருந்தார். வேடிக்கைக்காக அல்ல, ஒரு பொறியியல் அறிஞர் பாலத்தையும் இயந்திரத்தையும் ஆராய்வது போல, சமையலறையில் நிற்கும் பெண்ணின் கால்களையும் கைகளையும் ஆராய்ந்தவர் அவர். பெயர் லில்லியன் கில்பிரெத். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய்.

ஆண்டு மலரில் நம் ஊரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனைப் பற்றி எழுதாமல் எங்கோ அமெரிக்காவில் பிறந்த ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். ராதாகிருஷ்ணனைப் பற்றி ஆசிரியர் தினந்தோறும் பேசுகிறோம். இந்த அம்மையாரைப் பற்றிப் பேச நமக்கு ஒரு நாளும் ஒதுக்கப்படவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

லில்லியன் 1878ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லாந்து நகரில் பிறந்தார். ஜெர்மானிய வழியில் வந்த வசதியான குடும்பம். தந்தை வில்லியம் மோலர் வணிகர். உடன்பிறந்தவர்களுள் இவரே மூத்தவர். மூத்த பெண் என்றால் என்னவென்று நம் மாணவியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாயின் உடல்நலம் அவ்வளவு நன்றாக இல்லாததால் தம்பி தங்கையரைக் கவனிக்கும் பொறுப்பு சிறு வயதிலேயே இவருக்கு வந்தது. கூச்ச சுபாவம் மிகுந்த பெண். ஒன்பது வயது வரை பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்பது தந்தையின் எண்ணம். அது அந்தக் காலத்து வசதியான வீடுகளின் பொதுவான எண்ணமும்கூட. லில்லியன் மன்றாடிப் பார்த்தார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்தே டிராம் வண்டியில் போய்வர வேண்டும், வீட்டு வேலையிலும் குறை வரக்கூடாது. அப்படியே பெர்க்கிலியில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1900ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா மேடையில் பேசிய முதல் மாணவி இவரே. ஒன்பது வயது வரை வீட்டைவிட்டு வெளியே வரக் கூசிய அதே பெண்தான்! 1902இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

1904ஆம் ஆண்டு அக்டோபரில் பிராங்க் கில்பிரெத் என்பவரை மணந்தார். இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அடுக்களை ஆராய்ச்சியின் வேர் இவரது செங்கல் சுவரில்தான் இருக்கிறது.

பிராங்க் கல்லூரிக்குப் போகாதவர். 17 வயதில் கொத்தனாரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். சுவர் வைக்கும் கொத்தனார்கள் ஒவ்வொரு செங்கல்லுக்கும் குனிகிறார்கள், நிமிர்கிறார்கள், கல்லைப் புரட்டிப் பார்க்கிறார்கள், கலவையைத் தட்டுகிறார்கள். ஒரு கல் வைக்க 18 அசைவுகள் ஆவதை அவர் கண்டார். கீழே கிடக்கும் கல்லைக் கொத்தனாரின் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து வைக்கும்படி, சுவர் உயர உயரத் தானும் உயரும் சாரம் ஒன்றை அமைத்தார். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி கற்களை முன்கூட்டியே அடுக்கித் தரச் செய்தார். 18 அசைவு ஐந்தாகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கொத்தனார் வேகமாக வேலை செய்யவில்லை என்பதுதான். தேவையில்லாமல் குனிவதை நிறுத்தினார், அவ்வளவே. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முன்பைவிட இடுப்பு வலி குறைவாகவே இருந்திருக்கும்.

திருமணமானபின் கணவனும் மனைவியும் சேர்ந்து இதையே ஒரு சாத்திரமாக வளர்த்தார்கள். இயக்க ஆய்வு என்று அதற்குப் பெயர். வேலை செய்பவரைத் திரைப்படக் கருவியால் படம்பிடித்து, பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் வைத்து, ஒவ்வொரு அசைவுக்கும் எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்கள். தேடுதல், எடுத்தல், பிடித்தல், கொண்டு செல்லுதல், வைத்தல் என்று கைவேலை முழுவதையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, அத்துண்டுகளுக்குத் தங்கள் குடும்பப் பெயரையே ஏறத்தாழத் தலைகீழாக்கி ‘தெர்ப்ளிக்’ என்று பெயரிட்டார்கள். கணவர் பார்த்தது கையை. மனைவி பார்த்தது மனத்தை. வேலை செய்பவருக்கு அலுப்பும் சலிப்பும் ஏன் வருகின்றன, எதில் அவருக்கு நிறைவு கிடைக்கிறது என்று கேட்டவர் லில்லியன். அதற்காகவே உளவியலைப் பாடமாக எடுத்தார்.

இங்கேதான் அவருக்குத் தடைகள் தொடங்கின. முதலில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய ஆய்வேட்டுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அங்கேயே தங்கிப் படிக்க வேண்டிய காலத்தை நிறைவு செய்யவில்லை என்பது காரணம். கைக்குழந்தைகளோடு நாட்டின் மறுகோடியில் வாழ்ந்தவர் எப்படிப் போய்த் தங்குவார்? அந்த ஆய்வு 1914இல் நிர்வாக உளவியல் பற்றிய நூலாக வெளிவந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரியாதபடி அட்டையில் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே அச்சிட்டார்கள். அம்மையார் சோர்ந்துவிடவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, வேறொரு ஆய்வேடு எழுதி, 1915இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவர் பல குழந்தைகளுக்குத் தாய்.

இதனிடையே 1912இல் இரண்டாவது மகள் மேரியைத் தொண்டை அடைப்பான் நோய் கொண்டு போயிற்று. ஐந்து வயதுக் குழந்தை. இன்று நாம் தடுப்பூசி போட்டுவிட்டு மறந்துபோகிற நோய் அது. அந்தத் துயரத்தை அம்மையார் வாழ்நாள் முழுவதும் அதிகம் பேசவே இல்லை என்பார்கள். பெற்ற பன்னிருவரில் பதினொருவர் வளர்ந்து பெரியவர்களானார்கள்.

அத்தனை பிள்ளைகள் உள்ள வீடு எப்படி நடந்தது? பிள்ளைகளில் இருவர் பிற்காலத்தில் எழுதி 1948இல் வெளியிட்ட நூல் ஒன்று அதை வேடிக்கையாகச் சொல்கிறது. அது திரைப்படமாகவும் வந்தது. ஞாயிறுதோறும் குடும்ப சபை கூடும். எந்த வேலை யாருக்கு என்று அதில் தீர்மானமாகும். வேலி பூசுவது போன்ற கூடுதல் வேலைகளுக்குப் பிள்ளைகள் ஏலம் கேட்பார்கள். குறைந்த கூலி கேட்டவருக்கு வேலை. பல் துலக்கினேன், படுக்கையை மடித்தேன் என்று சுவரில் தொங்கும் அட்டவணையில் ஒவ்வொருவரும் குறிக்க வேண்டும். குளிக்கும்போதுகூட நேரம் வீணாகாதபடி, இசைத்தட்டில் பிறமொழிப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு இது சற்று மிகையாகவே தோன்றுகிறது. ஆனால் ஒன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். வேலைப் பட்டியலில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் இடம் இருந்தது. வீடு எல்லாருக்கும் உரியது, ஆகவே வீட்டு வேலையும் எல்லாருக்கும் உரியது என்பதே அந்தத் தம்பதியரின் கொள்கை. தங்கை தட்டுக் கழுவ, அண்ணன் அதே தட்டில் காத்திருக்கும் வழக்கம் அங்கே இல்லை.

1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள். ஐரோப்பாவில் நடக்கவிருந்த இரண்டு பெரிய மாநாடுகளுக்குப் போகப் பயணச் சீட்டு வாங்கி வைத்திருந்த பிராங்க், ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவில் நின்றது. மாரடைப்பு. மறுமுனையில் கருவியைப் பிடித்தபடி மனைவி.

அப்போது அம்மையாருக்கு வயது 46. மூத்த மகளுக்கு 18. கடைக்குட்டிக்கு இரண்டு வயது நிறையவில்லை. சேமிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வந்த பணமெல்லாம் ஆய்விலேயே போயிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஊரும் உறவும் என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும். அம்மையார் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேசினார். ஐந்தாம் நாள், கணவர் போக வேண்டிய கப்பலில் தாமே ஏறினார். பெரியவர்கள் சிறியவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். லண்டனிலும் பிராகாவிலும் கணவரின் இடத்தில் நின்று கட்டுரைகளைப் படித்துவிட்டுத் திரும்பினார்.

திரும்பி வந்தபோது காத்திருந்தது ஏமாற்றம். கணவரோடு ஒப்பந்தம் செய்திருந்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. இருபது ஆண்டுகள் சரிபாதியாக உழைத்தவர். டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனாலும் ஆலைக்குள் வந்து ஆண்களுக்கு வழி சொல்ல ஒரு பெண்ணா என்று தயங்கினார்கள். பதினொரு பிள்ளைகள் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும். ஆலைக் கதவு சாத்தப்பட்டது. பெண்ணுக்கு என்று உலகம் ஒதுக்கிய இடம் ஒன்று உண்டல்லவா, அடுக்களை. அந்தக் கதவு மட்டும் திறந்திருந்தது. அம்மையார் அதன் வழியே உள்ளே போனார். கையில் கரண்டியோடு அல்ல. அளவுகோலோடும் கடிகாரத்தோடும் போனார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுவோம். லில்லியன் அம்மையாருக்குச் சமையல் அவ்வளவாக வராது. வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தார். அவரது ஆட்சியில் இருந்த அடுப்படிக்குள் அம்மையார் தலையிட்டதும் குறைவு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் நடை கண்ணில் படாது. முப்பது வருடமாக உப்புச் சாடியை எடுக்க எட்டடி நடக்கிறவருக்கு அது நடையாகவே தோன்றாது. வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தெரியும்.

வீட்டு வேலையை ஆராய்ந்து 1927இல் நூல் எழுதினார். 1929இல் புரூக்ளின் எரிவாயு நிறுவனத்துக்காக ஒரு மாதிரிச் சமையலறையை அமைத்தார். அந்த நிறுவனத்தின் தலைவரும் மேரி டில்லன் என்ற பெண்மணியே. எரிவாயு அடுப்பு விற்பதே நிறுவனத்தின் நோக்கம். அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அந்தச் சமையலறையில் அம்மையார் செய்தவற்றை நாம் விறகடுப்பு உள்ள வீட்டிலும் செய்யலாம், காசில்லாமல்.

அன்றைய அமெரிக்கச் சமையலறை பெரியது. அடுப்பு ஒரு சுவரில், மேசை நடுவில், பாத்திரம் கழுவும் தொட்டி இன்னொரு சுவரில், உணவுப் பொருள் அடுத்த அறையில். அம்மையார் அடுப்பையும் வேலை மேடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேடைக்கு மேலே மாவும் சர்க்கரையும், மேடைக்குக் கீழே பாத்திரங்கள். குளிர்பெட்டி கையெட்டும் தூரத்தில். சக்கரம் வைத்த சிறு மேசை ஒன்று. அது வேலைக்கு இடம் கொடுக்கும், அழுக்குப் பாத்திரங்களை ஒரே நடையில் தொட்டிக்குக் கொண்டும் போகும். சமைப்பவர் நடுவில் நின்று திரும்பினாலே எல்லாம் கிடைக்கும்படி ஒரு வட்டமாக இருந்தது அந்த அமைப்பு. இந்த முறையில் சோதனை ஒன்றும் நடந்தது. ஸ்ட்ராபெரிப் பழம் வைத்த ஒருவகைக் கேக்கைப் பழைய மாதிரி அடுக்களையிலும் புதிய அடுக்களையிலும் செய்து எண்ணினார்கள். பழையதில் 97 செயல்கள்; புதியதில் 64. பழையதில் நடந்தது 281 அடி, புதியதில் 45.

281 அடி என்பது ஒரு பலகாரத்துக்கு மட்டும். காலைச் சிற்றுண்டி, பள்ளிக்கும் வேலைக்கும் கட்டும் சோறு, மதியச் சாப்பாடு, மாலைக் காப்பி, இரவுச் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் நம் மலைப்படிகள் எம்மாத்திரம்?

அம்மையாருக்கு முன்பும் இப்படி எண்ணியவர்கள் உண்டு. கிறிஸ்டின் பிரெடரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1912இலேயே பத்திரிகையில் எழுதினார். 1926இல் மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காகச் சிறிய, கச்சிதமான சமையலறையை வரைந்து கொடுத்தார். ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு பொருந்தாது, சமைப்பவரின் உயரத்தை அளந்துவிட்டு மேடையைக் கட்டுங்கள் என்று வற்புறுத்தியவர் என்ற முறையில் லில்லியன் அம்மையார் தனித்து நிற்கிறார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்து அடுப்புக்கும் தொட்டிக்கும் ஏற்ற உயரங்களைக் கண்டறிந்தார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டி, குளிர்பெட்டிக் கதவின் உட்புறத் தட்டுகள் ஆகியவையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். அம்மையாரின் முறைகளில் சில நமக்குப் புதியவை அல்ல என்று பெருமையாகவே சொல்லலாம். அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் ஒரே மூடியின் கீழ். எண்ணெய் காய்ந்த நொடியில் ஐந்து டப்பாவைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஒன்றாகப் பயன்படுபவை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவருடைய விதியை நம் பாட்டிமார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். அரிசிப் பானைக்குள்ளேயே ஆழாக்கைப் போட்டு வைப்பதும் அப்படித்தான்.

ஆனால் அந்தப் பாட்டிமார் உட்கார்ந்து சமைத்தார்கள். அரிவாள்மனையும் அம்மியும் தரையில்; கழுவும் இடம் முற்றத்தில். அதற்குத் தக்கபடி எல்லாம் தாழ்வாக, கையெட்டும்படி இருந்தது. பிறகு அடுப்பு மேடைக்கு ஏறிற்று. மற்றவை பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அதுதான் இன்று பல வீடுகளில் உள்ள கோளாறு. சமைப்பவர் மேடைக்கு நிமிர்கிறார், பருப்புக்குக் குனிகிறார், புளிக்குப் பரணைப் பார்க்கிறார். ஆண்டுக்கொருமுறை தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ எடுக்கும் முறுக்கு அச்சும், விருந்தாளி வந்தால் எடுக்கும் பெரிய அண்டாவும் முன் வரிசையில் இடம் பிடித்திருக்கும். தினமும் தேவைப்படும் புளிச் சாடி அவற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அம்மையாரின் கணக்குப்படி தினம் எடுப்பது தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடுப்பது அதற்குக் கீழே. ஆண்டுக்கொருமுறை எடுப்பது பரணில்.

மேடையின் உயரமும் அப்படியே. நின்று வேலை செய்யும்போது மேடை முழங்கைக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது, முதுகு வளையாது. நம் வீடுகளில் மேடையின் உயரத்தை நிர்ணயிப்பவர் கொத்தனார். அவர் தம் உயரத்தைப் பார்த்தோ, பக்கத்து வீட்டைப் பார்த்தோ கட்டிவிடுவார். கட்டியபின் இடிக்க முடியாதுதான். மேடை உயரமானால் காலுக்குக் கீழே ஓர் அகலப் பலகையைப் போடலாம். காய் நறுக்கவும் கீரை ஆயவும் உயரமான முக்காலி ஒன்றில் உட்காரலாம். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்வது கடமையுணர்ச்சி ஆகாது என்பதை அம்மையார் திரும்பத் திரும்ப எழுதினார்.

கைகள் இரண்டையும் பயன்படுத்துவது இன்னொன்று. ஒரு கை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும், ஒரு கை மட்டும் உழைக்கும். கிண்ணத்துக்கு அடியில் ஈரத் துணியை மடித்து வைத்தால் அது நகராது; இரண்டாவது கைக்கு விடுதலை. கிறிஸ்துமஸுக்குக் கல்கல் செய்யும் வீடுகளில் பாருங்கள். ஒருவர் மாவு உருட்ட, ஒருவர் சீப்பில் வைத்து அழுத்த, ஒருவர் பொரிக்க, பேச்சும் சிரிப்புமாக மூன்று மணி நேர வேலை ஒரு மணியில் முடிந்துபோகும். இதைத் திருவிழாவுக்கு மட்டும் ஏன் வைத்துக்கொள்கிறோம் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

நம் பக்கத்துக்கு இது வெறும் வசதி பற்றிய பேச்சல்ல. விடியுமுன் எழுந்து, சோறு கட்டி வைத்துவிட்டு, சென்னைப் பக்கம் போகும் முதல் ரயிலைப் பிடிக்க ஓடும் தாய்மார் இங்கே எத்தனை பேர்! பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டைப் பக்கங்களில் தறியோடு தறியாக நிற்கும் தாய்மாருக்கு அடுக்களை இரண்டாவது தறி. தறியில் ஒரு நாடா தேவையில்லாமல் ஓடினால் உடனே கவனிக்கிறவர்கள், அடுக்களையில் தங்கள் கால் ஓடுவதைக் கவனிப்பதில்லை. 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த ஊர் நமது. தமிழ்ச் சமையல், தெலுங்குச் சமையல் இரண்டுமே இங்கே உண்டு. சாம்பாரானாலும் புளிச்சக்கீரைப் பப்பானாலும் நடக்கும் அடி ஒன்றுதான்.

அப்படி மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது? இந்தக் கேள்வியை அம்மையார் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு கறி கூடுதலாகச் செய்வதற்கல்ல என்பது அவரது விடை. படிக்க, பிள்ளைகளோடு பேச, சும்மா உட்கார்ந்திருக்க. எதுவானாலும் மனத்துக்கு மகிழ்ச்சி தரும் நிமிடங்களாக அவை இருக்க வேண்டும் என்றார். பெத்தானியாவில் ஆண்டவர் வந்த வீட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மரியா அவர் காலடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தா பல வேலைகளில் அலைந்து சலித்துக்கொள்கிறாள். மறையுரைகளில் மார்த்தாவுக்குப் பெரும்பாலும் குட்டுத்தான். எனக்கோ அவள்மேல் எப்போதும் ஒரு பரிவு உண்டு. விருந்தினர் சாப்பிட வேண்டுமல்லவா? அவளுடைய அடுப்படி கொஞ்சம் ஒழுங்காக இருந்திருந்தால், அவளும் கால் மணி நேரம் முன்னதாக வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அடுக்களை வழியாகப் போன அம்மையாருக்கு மற்றக் கதவுகளும் பின்னர் திறந்தன. 1930இல் வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சமாளிக்க அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹூவர் அமைத்த குழுவில் பணியாற்றினார். 1935இல் பர்டியூ பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் பேராசிரியரானார். அங்கே அப்பதவி பெற்ற முதல் பெண் அவர். தொழிற்பொறியாளர் சங்கம் ஒன்று 1921இல் இவரைக் கௌரவ உறுப்பினராகத்தான் ஏற்றது; பெண்களைச் சாதாரண உறுப்பினராகச் சேர்க்க அதன் விதி இடம் கொடுக்கவில்லை. அந்த நாட்டின் தேசியப் பொறியியல் கழகம் 1965இல் முதல் பெண் உறுப்பினராக அவரையே தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு, பொறியாளர்களுக்கு வழங்கும் ஹூவர் பதக்கத்தை முதல் பெண்ணாகப் பெற்றார்.

ஆனால் அவருடைய பணிகளில் என் மனத்தை மிகவும் தொட்டது வேறு. முதல் உலகப் போரில் கை கால் இழந்து வந்த வீரர்கள் மீண்டும் வேலை செய்வதற்கான வழிகளைக் கணவனும் மனைவியும் ஆராய்ந்திருந்தார்கள். அதே அறிவைப் பிற்காலத்தில் அம்மையார் நோயுற்ற இல்லத்தரசிகளுக்குப் பயன்படுத்தினார். இதய நோய் உள்ள தாய், ஒரு கை வழங்காத தாய், சக்கர நாற்காலியில் உள்ள தாய் ஆகியோர் பிறர் கையை எதிர்பார்க்காமல் சமைக்கும்படி மாதிரிச் சமையலறைகளை 1940களில் வடிவமைத்தார். சக்கர நாற்காலி உள்ளே போகும்படி மேடைக்கு அடியில் காலியிடம், உட்கார்ந்தபடியே எட்டும் அடுப்பு, தூக்காமல் நகர்த்தக்கூடிய பாத்திரம். இனி அடுக்களைப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணுக்கு, தன் பிள்ளைக்குத் தன் கையால் ஒரு வாய் சமைத்துப் போட முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பதினொரு பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பினார். 90 வயதை எட்டும்வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1972ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், அரிசோனாவிலுள்ள பீனிக்ஸ் நகரில் 93ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1984இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் முகத்தைத் தாங்கிய தபால் தலையை வெளியிட்டது.

மாணவியரே, அம்மையார் கையாண்ட முறை ஒன்றை நீங்களும் இந்த விடுமுறையில் செய்து பார்க்கலாம். ஓர் அட்டையில் உங்கள் அடுக்களையின் படத்தை வரையுங்கள். அடுப்பு, தண்ணீர், அரிசி, மளிகை, பாத்திரம் இருக்கும் இடங்களில் குண்டூசி குத்துங்கள். காலையில் அம்மா சமைக்கும்போது ஓர் ஓரமாக உட்கார்ந்து, அவர் போகும் வழியெல்லாம் ஒரு நூலை ஊசியிலிருந்து ஊசிக்குச் சுற்றிக்கொண்டே வாருங்கள். சமையல் முடிந்ததும் நூலை அவிழ்த்து அளந்து பாருங்கள். பிறகு அம்மாவின் அனுமதியோடு, கட்டாயம் அனுமதியோடு, இரண்டே இரண்டு பொருள்களை இடம் மாற்றி வைத்து, மறுநாள் இன்னொரு நூலில் அளந்து பாருங்கள். பள்ளி திறக்கும் நாளில் இரண்டு நூல்களையும் கொண்டு வாருங்கள். வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுவோம். தம்பிமாரும் அண்ணன்மாரும் செய்து கொடுத்தால் அவற்றையும் ஏற்றுக்கொள்கிறோம்.